ஷட் டவுன் செய்தால் காணோம், ரீஸ்டார்ட் செய்தால் இருக்கிறது: ஒரு டாங்கிள் கோளாறின் நிகழ்வு ஆய்வு

ஆடிப்பெருக்கு முடிந்து நாலைந்து நாள் இருக்கும். சிவகாசியில் அந்த நாளுக்குத் தனி மவுசு. வரப்போகும் ஆண்டின் தினசரி காலண்டர் ஆல்பங்களை ஆடி 18 அன்றுதான் வெளியிடுவார்கள். அன்றைக்கு ஆரம்பிக்கும் ஆர்டர் டிசம்பர் வரை ஓடும். அப்படி ஒரு காலை ஒன்பதேகாலுக்கு, சிடிபி சென்டர் வைத்திருக்கும் அண்ணாச்சியிடமிருந்து போன்.

"தம்பி, கீ இல்லைங்குது. பிடுங்கிச் சொருகினா வருது. மறுநாள் காலைல மறுபடி இல்லைங்குது. டீலர்கிட்ட கேட்டா, கீ போயிருக்கும், புதுசுதான் வாங்கணும்ங்கிறான். கொஞ்சம் வந்து பாத்துட்டுப் போங்க."

அச்சுத் தொழிலுக்கு வெளியே இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சிடிபி சென்டரில் அச்சடிக்க மாட்டார்கள். அச்சடிக்கத் தேவையான பிளேட்டை எடுத்துக் கொடுப்பார்கள். டிசைனர் அனுப்பும் ஃபைலை ரிப் என்ற மென்பொருள் புள்ளிகளாக உடைக்கும், மெஷின் அந்தப் புள்ளிகளை லேசரால் பிளேட்டில் சுடும். நாலு கலர் வேலைக்கு நாலு பிளேட். ரிப் விலை அதிகமான சரக்கு என்பதால் அதைக் காப்பியடிக்காமல் இருக்க யுஎஸ்பி போர்ட்டில் ஒரு லைசென்ஸ் கீயைச் செருகி வைத்தால்தான் ஓடும். டாங்கிள் என்று சொல்வதும் இதைத்தான். பழைய டிடிபி ஆட்களுக்கு இதன் தாத்தாவைத் தெரிந்திருக்கும்: பேரலல் போர்ட்டுக்கும் பிரிண்டர் கேபிளுக்கும் நடுவே தீப்பெட்டி அளவில் ஒன்று தொங்கிக்கொண்டிருக்குமே, அது.

பார்க்கப் பென் டிரைவ் மாதிரி இருந்தாலும் இது பென் டிரைவ் இல்லை. உள்ளே ஒரு சின்ன சிப், அதற்குள் வெளியே எடுக்கமுடியாத ஒரு ரகசிய எண். மென்பொருள் ஒரு கேள்வி அனுப்பும், சிப் அந்த ரகசியத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பதில் சொல்லும். பதில் சரியாக இருந்தால் மென்பொருள் திறக்கும். பென் டிரைவைப் போல இதற்கு நகல் எடுத்துவைக்க முடியாது. தொலைந்தால் பெரும்பாலான கம்பெனிகள் லைசென்ஸே தொலைந்ததாகத்தான் எடுத்துக்கொள்ளும். அண்ணாச்சியின் பயம் அதனால்தான். ரிப்பைப் புதிதாக வாங்கும் பணத்தில் ஒரு நல்ல பைக்கே வாங்கிவிடலாம்.

முதல் நாள்: நான் ஏமாந்தது

போனதும் கீயைக் கழற்றி என் லேப்டாப்பில் செருகினேன். ஒரு விநாடியில் விளக்கு எரிந்தது, டிவைஸ் மேனேஜரில் பெயரோடு வந்து உட்கார்ந்தது. கீ உயிரோடுதான் இருக்கிறது. "புதுசு வாங்க வேண்டாம் அண்ணாச்சி" என்றதும் அவர் முகத்தில் பாதிக் கவலை இறங்கியது.

அப்புறம் எல்லாரும் செய்வதைச் செய்தேன். கேபினெட்டின் முன்பக்கப் போர்ட்டில் இருந்த கீயைப் பின்பக்கம், மதர்போர்டோடு ஒட்டிய போர்ட்டுக்கு மாற்றினேன். முன்பக்கப் போர்ட்டுகள் உள்ளே ஒரு மெல்லிய வயர் வழியாக வருகின்றன, அங்கே இணைப்பு தளர்வது சகஜம். பவர் ஆப்ஷன்ஸில் யுஎஸ்பி செலக்டிவ் சஸ்பெண்டை அணைத்தேன். டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொரு யுஎஸ்பி ஹப்பிலும் "கரண்டை மிச்சப்படுத்த இதை அணைக்கலாம்" என்ற டிக்கை எடுத்தேன். ரிப்பைத் திறந்தேன். திறந்தது. மூன்று முறை மூடித் திறந்தேன். மூன்று முறையும் திறந்தது. டீ குடித்துவிட்டுக் கிளம்பினேன்.

மறுநாள் ஒன்பதேகால். அதே போன், அதே வார்த்தை.

யோசித்துப் பார்த்தால் நான் செய்ததில் ஒன்றுகூடச் சோதனையே அல்ல. போர்ட் மாற்றும்போது கீயைப் பிடுங்கிச் செருகியிருக்கிறேன். பிடுங்கிச் செருகினால் சரியாகும் என்று அண்ணாச்சியே போனில் சொல்லிவிட்டாரே! அதற்குப் பிறகு ரிப் முப்பது தரம் திறந்தாலும் அதற்கு என் வைத்தியம் காரணமில்லை. டாங்கிள் கோளாறு பார்க்கப் போகிறவர்கள் முதலில் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். கீயைத் தொட்டதுமே நோய் மறைந்துவிடும், தடயமும் அதோடு போய்விடும்.

இன்னொன்றும் அன்றைக்குத்தான் உறைத்தது. சாதாரண யுஎஸ்பி வாய்க்குத் தரக் கணக்கே 1500 தடவை செருகி எடுப்பதுதான். தினமும் காலையில் ஒரு தரம் என்று வைத்தால் ஐந்து வருடத்தில் அது தீர்ந்துவிடும். ஆப்ரேட்டர் தம்பியோ ஒரே தரத்தில் வராவிட்டால் மூன்று நாலு தரம் செருகுவான். கீயின் பிளாஸ்டிக் மூடி ஏற்கெனவே லேசாக வாய் பிளந்திருந்தது. இல்லாத கோளாறுக்கு வைத்தியம் செய்து உண்மையான கோளாறை உண்டாக்கிக்கொண்டிருந்தார்கள்.

நோட்டுப் புத்தகம்

இரண்டாம் முறை போனபோது எதையும் மாற்றவில்லை. ஆப்ரேட்டரிடம் ஒரு பழைய டைரியைக் கொடுத்து மூன்றே விஷயம் எழுதச் சொன்னேன்: ராத்திரி கம்ப்யூட்டரை எப்படி அணைத்தாய், காலையில் போட்டதும் கீயில் விளக்கு எரிந்ததா, ரிப் திறந்ததா. கீயை மட்டும் தொடாதே, திறக்காவிட்டால் ரீஸ்டார்ட் கொடு என்றேன். ரீஸ்டார்ட் செய்தாலும் கீ வந்துவிடுகிறது என்று அவன் போகிற போக்கில் சொல்லியிருந்தான். அப்போது அதன் முக்கியத்துவம் எனக்குப் பிடிபடவில்லை.

ஒரு வாரம் கழித்து டைரியைப் பார்த்தேன். ஆறு வேலை நாளில் ஐந்து நாள் "இல்லை". ஆறு நாளும் விளக்கு எரிந்திருக்கிறது. ஒரே ஒரு நாள், வியாழக்கிழமை, "ஓகே". அதற்கு எதிரே கோணல் எழுத்தில்: "ராத்திரி கரண்ட் போச்சு. யுபிஎஸ் நிக்கல. அப்படியே ஆஃப் ஆயிடுச்சு."

ஒழுங்காக அணைத்த நாளெல்லாம் காலையில் தகராறு, படாரென்று கரண்ட் போய் அணைந்த மறுநாள் மட்டும் ஒழுங்காகத் திறந்திருக்கிறது. இது தலைகீழாக அல்லவா இருக்கிறது? கரண்ட் போனால் கம்ப்யூட்டர் கெடும் என்றுதானே நமக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள்.

இங்கேதான் வழக்கு திரும்பியது. காலையில் தெரியும் கோளாறுக்குக் காலையில் காரணம் தேடிக்கொண்டிருந்தேன். காரணம் முந்தின ராத்திரியில் இருந்தது.

டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ், சிபியு என்று போனேன். கீழே அப் டைம் என்று ஒரு எண் இருக்கும். கம்ப்யூட்டர் எத்தனை நேரமாக ஓடுகிறது என்ற கணக்கு. அன்று காலை ஒன்பது மணிக்குத்தான் சுவிட்சைப் போட்டார்கள். தகராறு செய்த அந்தக் காலையிலும் ஆப்ரேட்டர் இன்னும் ரீஸ்டார்ட் கொடுக்கவில்லை, நான் வரட்டும் என்று விட்டிருந்தான். எண் ஒரு நாளைத் தாண்டிக் காட்டியது. முந்தின நாள் காலையில் கொடுத்த ரீஸ்டார்ட்டிலிருந்து கணக்கு ஓடுகிறது. நடுவே ராத்திரி ஷட் டவுன் செய்ததை விண்டோஸ் ஒரு ஷட் டவுனாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

ஷட் டவுன் என்பது முழு ஷட் டவுன் இல்லை

2012-இல் விண்டோஸ் 8 வந்ததிலிருந்து ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் என்று ஒரு ஏற்பாடு உண்டு. ஷட் டவுன் கொடுத்தால் நம் புரோகிராம்களை மூடி, நம்மை லாக் ஆஃப் செய்யும். ஆனால் அடியில் ஓடும் கெர்னல் என்ற விண்டோஸின் மையப் பகுதி, சாமான்களோடு பேசும் டிரைவர்கள், பின்னணியில் இருக்கும் சர்வீஸ்கள் ஆகியவற்றை மூடாமல், அப்போதைய நிலையை அப்படியே ஒரு ஃபைலாக வட்டில் எழுதிவைக்கும். காலையில் அந்த ஃபைலைப் படித்து விட்ட இடத்திலிருந்து தொடரும். சீக்கிரம் திறப்பதன் ரகசியம் இதுதான். ரீஸ்டார்ட் கொடுத்தால் மட்டும் இந்தச் சுருக்குவழி கிடையாது, எல்லாவற்றையும் மூடிவிட்டு அடியிலிருந்து தொடங்கும். பலருக்கு ஷட் டவுன்தான் பெரிய ஓய்வு, ரீஸ்டார்ட் சின்னது என்ற நினைப்பு. இப்போது நிலைமை நேர்மாறு.

கரண்ட் போன ராத்திரியில் அந்த ஃபைலை எழுத நேரமே இல்லை. ஆகவே மறுநாள் அடியிலிருந்து தொடங்கியிருக்கிறது. கீயும் கிடைத்திருக்கிறது.

கதை பொருந்துகிறது. ஆனால் இன்னொரு கதையும் அதே அளவு பொருந்தும். அந்தக் கீயில் கரண்ட் வந்தாலே விளக்கு எரியும். (சில கீகளில் டிரைவர் பேசினால்தான் எரியும், இது அந்த ரகமில்லை. அதனால் விளக்கு எரிவதை வைத்து எல்லாம் சரி என்று முடிவு கட்டக் கூடாது.) கம்ப்யூட்டரை அணைத்த பிறகும் பல மதர்போர்டுகள் யுஎஸ்பி வாய்க்கு 5 வோல்ட் கொடுத்துக்கொண்டேதான் இருக்கும், அணைத்த கம்ப்யூட்டரில் போன் சார்ஜ் ஆவது அதனால்தான். இந்தக் கடையிலும் ராத்திரி முழுக்கக் கீயில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அப்படியானால், ஓய்வே இல்லாமல் கரண்டில் இருக்கும் சிப் எங்கோ சிக்கி நின்றிருக்கலாம். கரண்ட் போன அன்று கீக்கும் கரண்ட் போய்ச் சிக்கல் அவிழ்ந்திருக்கலாம். பிடுங்கிச் செருகினால் சரியாவதும் இதோடு ஒத்துப்போகிறது.

இரண்டில் எது? இதைப் பிரித்துப் பார்க்காமல் பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே எழும் மதர்போர்டின் அமைப்புப் பக்கம்) போய் யுஎஸ்பி கரண்டை நிறுத்தியிருந்தால் இன்னொரு வாரம் வீணாகியிருக்கும்.

சாப்பாட்டு நேரச் சோதனை

இதற்கு ராத்திரிவரை காத்திருக்கத் தேவையில்லை. அணைத்து இரண்டு நிமிடம் விட்டுப் போட்டாலே போதும். மதியம் ஆப்ரேட்டர் சாப்பிடப் போன நேரத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

முதலில் சாதாரண ஷட் டவுன், சுவரில் சுவிட்ச் போட்டபடி. விளக்கு அணையவில்லை. திரும்பப் போட்டால், கீ இல்லை. நல்லது, கூப்பிட்டதும் நோய் வருகிறது.

அடுத்தது சாதாரண ஷட் டவுன், ஆனால் சுவர் சுவிட்சையும் அணைத்தேன். கீயின் விளக்கு செத்தது. முழுசாக இரண்டு நிமிடம் விட்டுப் போட்டேன். கீ இல்லை. கரண்ட் போய்வந்தும் பயனில்லை என்றால், சிப் சிக்கி நிற்கும் கதை அங்கேயே அடிபட்டது.

மூன்றாவது, ஷிஃப்ட் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு ஷட் டவுனைச் சொடுக்கினேன். அப்படிச் செய்தால் அந்த ஒரு தடவை மட்டும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இல்லாமல் முழுதாக அணையும். எந்த அமைப்பையும் மாற்றாமல் சோதிக்க இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியாது. சுவர் சுவிட்சைத் தொடவில்லை, விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. திரும்பப் போட்டேன். ரிப் சத்தமில்லாமல் திறந்தது.

சந்தேகத்துக்கு இடம் வைக்காமல் முதல் சோதனையை மறுபடி செய்து கோளாறை வரவழைத்தேன். இந்த முறை கீயையும் தொடவில்லை, ரீஸ்டார்ட்டும் கொடுக்கவில்லை. சர்வீசஸ் ஜன்னலைத் திறந்து, லைசென்ஸ் சர்வீஸை மட்டும் வலது சொடுக்கி, ரீஸ்டார்ட். ரிப்பைத் திறந்தேன். கீ வந்துவிட்டது.

ஆக, கீயிலும் கோளாறு இல்லை, யுஎஸ்பியிலும் இல்லை. ரிப் நேராகக் கீயோடு பேசுவதில்லை, நடுவில் இந்த சர்வீஸ் நின்று கேள்வியை வாங்கிக் கீயிடம் கொடுத்துப் பதிலைத் திருப்பித் தருகிறது. கல்லாவில் உட்கார்ந்தபடியே தூங்கிப்போன கணக்குப்பிள்ளை மாதிரி, ராத்திரி ஃபைலுக்குள் போன சர்வீஸ் காலையில் கண் விழித்ததும் நேற்றைய சங்கதியே நடக்கிறது என்று நினைக்கிறது. கம்ப்யூட்டரோ யுஎஸ்பி சாமான்களை எல்லாம் புதிதாக எண்ணி வரிசைப்படுத்தியிருக்கிறது. சர்வீஸ் பிடித்திருந்த பழைய பிடி செல்லாது. கீயைப் பிடுங்கிச் செருகினால் "புதுசா ஒண்ணு வந்திருக்கு" என்ற தகவல் போய்ச் சேர்கிறது, சர்வீஸும் விழித்துக்கொள்கிறது. புதிய சர்வீஸ் பதிப்புகள் இதைச் சமாளிக்கும் என்றால் முதலில் அதைத்தான் போட்டுப் பார்த்திருப்பேன். ஆனால் இந்த ரிப் பழைய பதிப்பு, பராமரிப்பு ஒப்பந்தமும் முடிந்துவிட்டது. சீசன் நேரத்தில் ஓடுகிற ரிப்பின் அடித்தளத்தில் கை வைக்க எனக்குத் துணிச்சல் இல்லை.

கன்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்ற பக்கம், அதில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் டிக். முதலில் மங்கலாக இருக்கும். மேலே இருக்கும் "இப்போது மாற்ற முடியாதவற்றை மாற்று" என்ற வரியைச் சொடுக்கினால் டிக்கை எடுக்கலாம். எடுத்தேன்.

இரண்டாவது கோளாறு: நான் உண்டாக்கியது

நாலு நாள் நிம்மதி. ஐந்தாம் நாள் அண்ணாச்சிக்கு வேறு குறை. "கீ வருது தம்பி. ஆனா கம்ப்யூட்டர் திறக்கிறதுக்குள்ள ஒரு டீயே குடிச்சுடலாம் போல." நியாயம்தான். பழைய ஹார்ட் டிஸ்க். சுருக்குவழியை அடைத்துவிட்டோம், சுற்றிக்கொண்டுதான் வரவேண்டும். எஸ்எஸ்டி போடலாம் என்றேன். சீசன் முடியட்டும் என்றார்.

சரி, கொஞ்சமாவது சுறுசுறுப்பாக்கலாமே என்று சர்வீஸ்களைப் பார்த்து, அவசரமில்லாதவற்றை டிலேய்ட் ஸ்டார்ட்டுக்கு மாற்றினேன். அப்டேட் தேடும் சர்வீஸ், பிரிண்டர் கம்பெனியின் சர்வீஸ் என்று வரிசையாக. மறுநாள் காலை போன்.

"கீ இல்லைங்குது."

போகும் வழியெல்லாம் என் ஆய்வே தப்பாகிவிட்டதோ என்று ஒரே உதைப்பு. அங்கே போனபோது ரிப் ஓடிக்கொண்டிருந்தது. "கொஞ்ச நேரம் கழிச்சு ரீட்ரை குடுத்தேன் அண்ணே, வந்துருச்சு" என்றான் ஆப்ரேட்டர். பிடுங்கவில்லை, ரீஸ்டார்ட் செய்யவில்லை, சும்மா காத்திருந்திருக்கிறான். பழைய கோளாறு காத்திருந்தால் சரியாகாது. இது வேறு கோளாறு.

சர்வீஸ் பட்டியலைத் திறந்து பார்த்தபோது காது சூடானது. நேற்று வரிசையாக மாற்றிக்கொண்டு வந்ததில் லைசென்ஸ் சர்வீஸையும் சேர்த்து மாற்றியிருக்கிறேன். பெயரை முழுதாகப் படிக்கவில்லை. டிலேய்ட் ஸ்டார்ட் என்றால் மற்ற தானியங்கிச் சர்வீஸ்கள் எழுந்த பிறகு ஏறக்குறைய 2 நிமிடம் பொறுத்துத்தான் எழும். ரிப்போ ஸ்டார்ட்டப் ஃபோல்டரில் இருக்கிறது, லாக் இன் ஆனதும் ஓடி வந்து கதவைத் தட்டுகிறது. திறக்க ஆள் இல்லை.

அண்ணாச்சியிடம் உண்மையைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு அன்றைய டீயை என் கணக்கில் எழுதச் சொன்னார்.

லைசென்ஸ் சர்வீஸை ஆட்டோமேட்டிக்குக்கே திருப்பினேன். கூடவே ஒரு காரியம் செய்தேன்: ரிப்பை ஸ்டார்ட்டப் ஃபோல்டரிலிருந்து எடுத்து டாஸ்க் ஷெட்யூலரில் போட்டு, லாக் இன் ஆகி 30 விநாடி கழித்துத் திறக்கும்படி அமைத்தேன். சர்வீஸ் எழுந்தாலும் கீயைத் தேடிப் பிடிக்கச் சில விநாடி ஆகும்; அந்த இடைவெளியில் ரிப் வந்து நின்றால் வீண் வம்பு.

செண்டினல் வகைக் கீ வைத்திருப்பவர்கள் இதைத் தங்கள் கண்ணாலேயே பார்க்கலாம். பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் என்று அடித்து, முக்காற்புள்ளி போட்டு, 1947 என்று கொடுத்தால் சர்வீஸின் சொந்தப் பக்கம் திறக்கும். எண் மறக்காது, நாடு விடுதலை பெற்ற ஆண்டு. பக்கமே திறக்காவிட்டால் சர்வீஸ் ஓடவில்லை. பக்கம் திறந்து, பட்டியலில் கீ இல்லாவிட்டால் சர்வீஸுக்கும் கீக்கும் நடுவில் சிக்கல். கீ பட்டியலில் இருந்தும் மென்பொருள் திறக்கவில்லை என்றால் லைசென்ஸ் வகையிலோ மென்பொருளிலோ தேட வேண்டும். அரை நிமிட வேலை, அரை நாள் அலைச்சலை மிச்சப்படுத்தும்.

டிசம்பர்

அதற்குப் பிறகு மூன்று மாதத்துக்கு மேல் ஒரு போனும் இல்லை. டிசம்பரில் ஒரு நாள் காலை ஆப்ரேட்டர் தம்பியே கூப்பிட்டான்.

"அண்ணே, கீ இல்லைன்னு வருது. நான் எதையும் தொடலை. நேத்து ஒரு பெரிய அப்டேட் ஏறுச்சு. டாஸ்க் மேனேஜர்ல பாத்தேன், இப்பத்தான் போட்டேன், அப் டைம் பதினாலு மணி நேரம்னு காட்டுது. அந்த டிக் மறுபடி விழுந்திருக்குமோ?"

விழுந்துதான் இருந்தது. இந்த முறை டிக்கோடு நிறுத்தாமல், கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினாகத் திறந்து ஹைபர்னேட் வசதியையே, அதாவது கம்ப்யூட்டரின் நிலையை ஃபைலாக எழுதிவைத்து அணையும் வசதியையே, அணைத்துவிட்டேன். அது இல்லாவிட்டால் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்புக்கு எழுதிவைக்க ஃபைலே கிடையாது. வட்டிலும் சில ஜிபி இடம் மிஞ்சியது. கீ பின்பக்கப் போர்ட்டிலேயே இருக்கிறது. அதன் பிளந்த வாயைச் சுற்றி யாரோ மஞ்சள் டேப் ஒட்டி, மேலே மார்க்கரால் "பிடுங்காதே" என்று எழுதியிருந்தார்கள். கோணல் எழுத்து, டைரியில் பார்த்த அதே கை.